கோட்டாவில் வந்தவன்

2008 பெப்ரவரி 13, புதன்கிழமை. மேற்கு சிட்னியில் நான் கணிதம் படிப்பித்த அரசாங்கப் பாடசாலையில் அன்று முதற்பாடம் நடக்கவில்லை. பிள்ளைகள் எல்லாரையும் மண்டபத்துக்குக் கூட்டிவந்து நிலத்தில் இருத்தி, திரை கட்டி, கன்பராவில் நடப்பதை நேரடியாகக் காட்டினார்கள். லெபனான், தொங்கா, பிலிப்பைன்ஸ், வியட்நாம், நம் ஆட்கள் என்று பல நாட்டுப் பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்பை ஐந்து நிமிஷம் வாய்மூட வைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். அன்று அரை மணித்தியாலம் அசையாமல் இருந்தார்கள்.

பிரதமர் கெவின் ரட் பதவிக்கு வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. புதிய பாராளுமன்றம் எடுத்த முதல் அலுவலே அந்த மன்னிப்புத்தான். பூர்வகுடித் தாய்மாரிடமிருந்து அரசாங்கம் பிடுங்கிய பிள்ளைகளிடம், 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்று இந்த நாடு அழைக்கிற அந்த மனிதரிடம், நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். தன் உரையில் ஒரு மூதாட்டியின் கதையைச் சொன்னார். 1932 அளவில், டெனன்ட் கிரீக் பக்கம், அவர் நாலு வயதுப் பிள்ளை. பிடிக்க ஆட்கள் வரக்கூடும் என்ற பயத்தில் பெரியவர்கள் ஓடைக்கரையில் குழி தோண்டிப் பிள்ளைகள் ஒளிக்க இடம் செய்து வைத்திருந்தார்கள். ஆட்கள் வந்தார்கள். பிள்ளைகள் பிடிபட்டார்கள். அந்தப் பெண் தன் தாயை மறுபடி காணவேயில்லை.

அடுத்து எதிர்க்கட்சித் தலைவர் பிரெண்டன் நெல்சன் எழுந்தார். அவரும் ஆதரித்துத்தான் பேசினார். ஆனால் பேச்சில் பிள்ளைகளை எடுத்தவர்களின் நல்ல நோக்கத்தைப் பற்றியும் இழுத்துவிட்டார். கன்பராவில் திரண்டிருந்த கூட்டத்தில் பலர் திரும்பி நின்று முதுகைக் காட்டினார்கள். எங்கள் மண்டபத்தில் பூர்வகுடிப் பிள்ளைகளின் படிப்பைக் கவனிக்கவென்று வேலைபார்த்த ஓர் அம்மா இருந்தார். அவரும் ஒரு சொல்லும் பேசாமல் கதிரையைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டு இருந்துகொண்டார். பிள்ளைகள் திரையை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்கள். அன்றைய பாடம் அவர்களுக்கு அந்த முதுகில்தான் கிடைத்தது என்பது என் எண்ணம்.

நல்ல நோக்கம் என்ற அந்தக் கதை எங்கிருந்து வருகிறது என்று பிறகுதான் விளங்கிக்கொண்டேன். 1997இல் வெளிவந்த விசாரணை அறிக்கை ஏறக்குறைய 700 பக்கம். 1910க்கும் 1970க்கும் இடையில் பூர்வகுடிப் பிள்ளைகளில் பத்தில் ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்று வரை வீட்டைவிட்டு எடுக்கப்பட்டிருக்கலாம் என்று அது கணித்தது. அப்போதைய பிரதமர் ஜோன் ஹவார்ட் மன்னிப்புக் கேட்க மறுத்தார். 1999இல் 'வருந்துகிறோம்' என்ற அளவில் ஒரு தீர்மானத்தோடு நிறுத்திக்கொண்டார். இதெல்லாம் அரசியல். என்னைக் குத்தியது வேறொன்று. எடுத்த பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்ட இடங்களில் பலவற்றுக்கு வெளியில் சொன்ன நோக்கம் படிப்பும் பயிற்சியும். நியூ சவுத் வேல்ஸில் கூட்டமுண்ட்ரா என்ற ஊரில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதி. வெள்ளைக்காரர் வீட்டில் சமைக்க, கூட்ட, துவைக்கப் பழக்கி அனுப்பினார்கள். கிஞ்சலாவில் ஆண்பிள்ளைகளுக்கு ஒன்று, 1924 முதல் 1970 வரை நடந்தது. அங்கே பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, இலக்கம் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

நானும் விடுதிப் பிள்ளைதான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் கிடைத்து, இலங்கையின் கிழக்கில், மண்டூரிலிருந்து வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்துக்குப் போனவன். அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியும் மத்திய பாடசாலைகளும் இல்லாவிட்டால் நான் இன்றைக்கும் படுவான்கரையில் வயல் வரம்பில் நின்றிருப்பேன். அது ஒன்றும் குறைவான வாழ்க்கை இல்லை, ஆனால் வேறு வாழ்க்கை. முதல்நாள் போனது நன்றாக நினைவிருக்கிறது. வெள்ளாப்பில் எழும்பி, மண்டூர்த் துறையில் தோணி ஏறி, வாவியைக் கடந்து குருமண்வெளியில் இறங்கி, அங்கிருந்து பஸ். மட்டக்களப்பில் மாறி இன்னொரு பஸ். ஒரு தகரப் பெட்டி, ஒரு பாய், அப்பா. என்னை விட்டுவிட்டு அவர் திரும்பியபோது நான் அழவில்லை, இரவில் அழுதேன். பக்கத்துக் கட்டிலில் வாகரைப் பக்கத்துப் பெடியன் ஒருவன் எனக்கும் மேலால் அழுதான்.

ஆனால் மாதத்தில் ஒரு ஞாயிறு அம்மா வருவாள். ஓலைப்பெட்டியில் பனங்காய்ப் பணியாரம், ஒரு போத்தல் தயிர், தலைக்கு நல்லெண்ணெய். "ஒள்ளுப்பமா மெலிஞ்சு போனாய் மனே" என்பாள். லீவுக்கு வீட்டுக்குப் போவேன். அங்கே என்னைக் கூப்பிட என் பெயர் இருந்தது. விடுதியில் பேசியது தமிழ். பாட்டு, கூத்து, தேவாரம் எல்லாம் தமிழ். ஒரு பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துப் படிப்பிப்பது என்ற அளவில் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு வந்தாறுமூலையும் கிஞ்சலாவும் ஒன்றுபோலத் தெரியலாம். ஒன்றில் படித்தவன் கணித ஆசிரியனாய் வந்து அந்த மண்டபத்தில் நின்றான். மற்றதில் வளர்ந்தவர்களில் எத்தனையோ பேர் தாங்கள் எந்த ஊர், எந்தப் பாஷை என்று அறியாமலே கிழண்டு போனார்கள்.

கதிரையைத் திருப்பிப்போட்ட அந்த அம்மாவிடம் ஒரு நாள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். தேநீரைக் கலக்கியபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "உன் அம்மா வருவதற்கு யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டியிருந்ததா?" என்று மட்டும் கேட்டார். இல்லை. தோணிக்காரரிடம் சில்லறை கொடுத்தால் போதும்.

படிப்பைக் கதவாக்கி ஆளை வெளியே நிறுத்துவது இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1901இல் குடிவரவுச் சட்டம் போட்டார்கள். நிறத்தைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. வேண்டாத ஆள் துறைமுகத்தில் இறங்கினால் ஏதாவதொரு ஐரோப்பிய மொழியில் 50 சொல் வாசிப்பார்கள். பிழையில்லாமல் எழுத வேண்டும். மொழியைத் தெரிவது அதிகாரி. இந்தச் சொல்வதெழுதல் 1958 வரை சட்டத்தில் இருந்தது. அதற்கு இரண்டு வருஷம் முந்தித்தான் நம் நாட்டில் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்தது. ஆள் பார்த்துத் தள்ளுவதற்கு மொழியைப்போல வசதியான கருவி வேறில்லை என்பதை இரண்டு தீவுகளும் அறிந்திருந்தன. அவுஸ்திரேலியாவைத் தீவு என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள், இருக்கட்டும்.

அன்று மண்டபத்தில் நின்றபோது நான் யோசித்தது இலங்கையைப் பற்றி. ஓர் அரசு எழுந்து நின்று மன்னிப்புக் கேட்பதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் இலங்கையில் அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று சொன்னால் பொய். 2004 ஜூலையில், கறுப்பு ஜூலையின் இருபத்தொராவது ஆண்டு நினைவில், ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க தமிழருக்கு எதிரான 1983 வன்செயலுக்காக அரசின் பெயரால் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். பத்திரிகையில் வந்தது. நான் சிட்னியிலிருந்து அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தபோது சொன்னேன்.

"ஆரு? எப்ப கேட்டவ?" என்றாள்.

அவளைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. அந்த வருஷம் பங்குனியில் புலிகள் இயக்கம் கிழக்கில் இரண்டாய்ப் பிளந்தது. வெருகலில் நம் பிள்ளைகள் நம் பிள்ளைகளையே சுட்டார்கள். வீட்டில் வளர்ந்த பிள்ளை இருந்த தாய்மாருக்கு இரவில் நித்திரை இல்லை. மார்கழியில் எழுவான்கரையைக் கடல் கொண்டுபோனது. இடையில் கொழும்பில் ஒருவர் என்ன சொன்னார் என்பதைக் கேட்க யாருக்குக் காது இருந்தது? ஆனால் அது மட்டும் காரணமும் இல்லை. காலியிலோ குருநாகலிலோ ஒரு பாடசாலையில் முதற்பாடத்தை நிறுத்திப் பிள்ளைகளை மண்டபத்தில் இருத்தி அந்தப் பேச்சைக் கேட்கவைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. மட்டக்களப்பிலும் இல்லை. சொன்னவர் சொன்னார், அவ்வளவுதான். நாட்டின் பெயரால் ஒருவர் பேசினால் அது நாட்டின் பேச்சாக மாறுவது வகுப்பறையில்தான். ரட்டின் பேச்சு அன்று எங்கள் பாடசாலைக்குள் வந்தது, பிறகு ஒவ்வொரு பெப்ரவரியும் வந்தது, பாடத்திட்டத்திலும் ஏறியது. சந்திரிகாவின் பேச்சு எந்த வகுப்பறைக்கும் போய்ச் சேரவில்லை.

இந்த இடத்தில் அவுஸ்திரேலியாவைப் புகழ்ந்துவிட்டு நிறுத்துவது சுகம். புலம்பெயர்ந்த நம் ஆட்களின் மேடைப் பேச்சுகளில் அது வழக்கம்: பாருங்கள், மன்னிப்புக் கேட்ட நாடு இது, கேளாத நாடு அது. எனக்கு அந்தப் பேச்சு தொண்டையில் இறங்குவதில்லை, மண்டூர்க்காரனாய் இருப்பதால்.

எங்கள் ஊர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். பிள்ளையாரடியில் சிதறுதேங்காய் பொறுக்கித் திரிந்த வயதிலேயே அந்தக் கதை தெரியும்: வாவிக்கரைத் தில்லை மரத்தில் வேலைக் கண்டவர்கள் இலங்கையின் ஆதிக்குடிகளான வேடர்கள், முதலில் கொத்துப்பந்தல் போட்டுக் கும்பிட்டவர்களும் அவர்களே. இன்றைக்கும் அங்கே விக்கிரகம் காட்டுவதில்லை. கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு திரைக்கு அங்கால பூசை செய்வார். ஆவணிப் பூரணைத் தீர்த்தத்துக்கு எட்டு ஊர்ச் சனம் வந்து கூடும். என் பாட்டி, பெத்தா, திருவிழாக் காலத்தில் இந்தக் கதையை உருகி உருகிச் சொல்லுவாள். அதே பெத்தா, நாங்கள் தலை இழுக்காமல் முற்றத்தில் நின்றால் "என்னகா வேடனப்போல நிக்கிறாய்" என்று ஏசுவாள்.

வேலைக் கண்டவன் வேடன், தலை இழுக்காதவனும் வேடன். இரண்டும் ஒரே வாயிலிருந்து வந்ததை நான் ஐம்பது வயதில், சிட்னியில், வேறொருவருடைய நாட்டு ஆதிக்குடிகளின் கதையைக் கேட்டபோதுதான் சேர்த்து யோசித்தேன். எங்கள் பாடப்புத்தகத்தில் வேடன் வில்லோடும் கோடரியோடும் ஒரு படமாக இருந்தான். கிழக்குக் கரையோரத்தில் தமிழ் பேசிக்கொண்டு, மீன்பிடித்துக்கொண்டு, எங்களோடு சந்தையில் நின்ற வேடர் பரம்பரைச் சனத்தைப் பற்றி அந்தப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை. 1983இல் மாதுறு ஓயாக் காட்டைத் தேசிய பூங்கா என்று அறிவித்து, காலம்காலமாய் அங்கே வேட்டையாடி வாழ்ந்த வேடரை மகாவலித் திட்டத்தின் குடியேற்றங்களுக்கு, ஹெனானிகலவுக்கு, அனுப்பினார்கள். தம்பானையில் திசாஹாமி என்ற முதுதலைவர் போக மறுத்து இருந்துகொண்டார். சொந்தக் காட்டில் வேட்டையாடினால் குற்றம் என்றானது. அந்த வருஷம் ஜூலையில் நடந்ததைத் தமிழன் மறக்கமாட்டான்; மறக்கவும் கூடாது. அதே வருஷம் வேடனுக்கு நடந்ததை எங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டோம்? அவர்களிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று நாங்களும் சொல்லவில்லை.

மன்னிப்புக்குப் பிறகு அவுஸ்திரேலியாவில் என்ன நடந்தது என்றால், கலவையான கணக்கு. வாசிப்பிலும் எழுத்திலும் எண்ணறிவிலும் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் உள்ள இடைவெளியைப் பத்து வருஷத்தில் பாதியாக்குவோம் என்று ரட் அன்றே சொன்னார். 2018 வந்தது, இலக்கு எட்டப்படவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் தொகை கூடியது, அது பொய்யில்லை. டேவிட் கொன்ஸ்கி என்ற தொழிலதிபரின் தலைமையில் ஒரு குழு எழுதிய அறிக்கை 2012இல் வெளிவந்தது: தேவை கூடிய பிள்ளை படிக்கும் பாடசாலைக்குக் காசு கூடப் போகவேண்டும். இவ்வளவு நேரான ஒரு விஷயத்துக்கு அறிக்கை தேவைப்பட்டதே எனக்கு ஆச்சரியம். இந்த நாட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பிள்ளைகள் தனியார், கத்தோலிக்கப் பாடசாலைகளில் படிக்கிறார்கள், அவற்றுக்கும் அரசாங்கக் காசு போகிறது. நீச்சல் குளத்தைப் புதுப்பிக்கும் பாடசாலையும் கழிப்பறைக் கதவுக்குக் காத்திருக்கும் பாடசாலையும் ஒரே வரிப்பணத்தில் பங்கு கேட்டன. நான் ஓய்வுபெறும் வரை இரண்டாவது வகையில்தான் வேலைபார்த்தேன்.

நம் ஆட்கள் கண்டுபிடித்த வழி வேறு: செலக்டிவ் பள்ளி. அரசாங்கப் பள்ளிதான், காசு இல்லை, ஆனால் பரீட்சை எழுதி நுழைய வேண்டும். மூன்றாம் வகுப்பிலேயே கோச்சிங் தொடங்கிவிடும். சனி காலை தமிழ்ப் பள்ளி, பின்னேரம் கோச்சிங், ஞாயிறு மாதிரிப் பரீட்சை. தூங்கி வழியும் பிள்ளைகளைக் காருக்குள் கண்டிருக்கிறேன். ஜேம்ஸ் ரூஸ் பள்ளியில் இடம் கிடைத்தால் வீட்டில் கலியாணக் களை.

2023ஆம் ஆண்டு ஏழாம் வகுப்பு அனுமதியிலிருந்து நியூ சவுத் வேல்ஸ் அரசாங்கம் இந்தப் பள்ளிகளில் 20 வீதம் வரையான இடங்களைப் பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று வைத்தது. சமூக, கல்விப் பின்னணியில் பின்தங்கிய குடும்பங்கள், தொலைவான ஊர்கள், உடற்குறையுள்ளவர்கள். மொத்த இடங்களில் 5 வீதம் வரை பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு. மேஸ் ஹில் முருகன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து இடியப்பத்தோடு நிற்கும் கூட்டத்தில் அன்றிலிருந்து இதுதான் கதை. "தரப்படுத்தல் இஞ்சையும் வந்திட்டுது."

சொன்னவர் என் நீண்டநாள் நண்பர், யாழ்ப்பாணத்துக்காரர். அவர் வலி எனக்குத் தெரியும். இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்த 1971இல் மருத்துவத்துக்குச் சிங்களத்தில் எழுதியவனுக்கு 229 புள்ளி போதும். தமிழில் எழுதியவனுக்கு 250 வேண்டும். அவர் அந்த இடைவெளிக்குள் விழுந்தவர். கணக்காளராய் நன்றாக வாழ்ந்து, பிள்ளைகளைக் கரைசேர்த்து, எழுபது வயதிலும் அந்தப் புள்ளியை நேற்று வந்த முடிவுபோலச் சொல்லுவார். அது அநியாயம், அதில் பேச்சில்லை. என்ன மொழியில் எழுதினாய் என்று பார்த்து வெட்டியது அது. ஆனால் 1974இல் மாவட்டக் கோட்டா வந்தது. அது யாழ்ப்பாணத்தையும் கொழும்பையும் அடித்தது. மட்டக்களப்பு, மன்னார், வவுனியாப் பிள்ளைகளுக்குக் கதவைக் கொஞ்சம் திறந்தது. இரண்டும் வெவ்வேறு காரியம். எங்கள் மேடைகளில் இரண்டையும் ஒன்றாய்க் கட்டி ஒரே அநியாயமாய்ப் பேசிப் பழகிவிட்டோம். கிழக்கிலிருந்து வந்த நாங்கள் மேடைக்குக் கீழே இருந்து கைதட்டினோம், சபை நாகரிகத்துக்கு.

2023 ஒக்ரோபர் 14 அன்று சர்வஜன வாக்கெடுப்பு. பாராளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்லும் பூர்வகுடிகளின் குரல் ஒன்றை அரசியல் யாப்பில் எழுதுவதா என்ற கேள்வி. ஆறு மாநிலமும் வேண்டாம் என்றன; நூற்றுக்கு அறுபது பேர் மறுத்தார்கள். வந்தேறிகள் நிறைந்த மேற்கு சிட்னித் தொகுதிகளில் பெரும்பாலானவையும் மறுத்தவைதான். அந்த வாரமும் கோயிலுக்குப் போனேன்.

நண்பர் ஒளிக்கவில்லை. "நான் நோ போட்டனான். அவையளுக்கு மட்டும் என்னத்துக்குத் தனிக்குரல்? நாங்களும் அடிபட்டுத்தானே வந்தனாங்கள். ஆரிட்டையாவது கேட்டனாங்களே?"

"கேட்டனாங்க அண்ணே. சமஷ்டி கேட்டனாங்க, மாவட்ட சபை எடுத்தனாங்க, மாகாண சபை எடுத்தனாங்க. முப்பது வருஷமா இஞ்ச இருந்து ஊர்வலம் போனனாங்க."

"அது எங்கட மண்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதை அவரே சொல்லிவிட்டார். அவருக்கு அது கேட்கவில்லை. பேச்சு பேரனுக்குத் திரும்பியது. பையன் கெட்டிக்காரன், அடுத்த வருஷம் பரீட்சை. "இவன்ர இடத்தைக் கோட்டாவில வாறவன் கொண்டுபோகப் போறான்" என்றார்.

"அண்ணே, நான் கோட்டாவில வந்தவன்" என்றேன்.

இடியப்பத்தட்டோடு நின்ற ரெண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருஷப் பழக்கத்தில் இது வெளியில் வந்ததில்லை. பேராதனைக் கம்பஸில் படித்தவன் என்று தெரியும். எப்படி நுழைந்தேன் என்று யாரும் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்தில் என் புள்ளியை எடுத்தவன் வீட்டில்தான் இருந்திருப்பான். நான் எந்தப் பெயரையும் அழித்து என் பெயரை எழுதவில்லை, ஆனால் ஓர் இடம் ஒருவனுக்குத்தான்.

அவர் கோபப்படவில்லை. நல்ல மனிதர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது வேற, தம்பி. அந்தக் காலத்திலை மட்டக்களப்பிலை, அதுவும் உங்கட பக்கத்திலை, ஒழுங்கான லாப் வைச்ச பள்ளிக்கூடம் எத்தினை இருந்தது? சயன்ஸ் படிப்பிக்க வாத்தி இல்லை. அது நியாயம்தானே" என்றார்.

"வில்கானியாவில எத்தின இருக்கு அண்ணே?"

"அது எங்கை கிடக்கு?"

டார்லிங் ஆற்றங்கரையில் கிடக்கிறது. நியூ சவுத் வேல்ஸின் மேற்குக் கோடி, ஊரில் பெரும்பாலானவர்கள் பூர்வகுடிகள், சிட்னியிலிருந்து காரில் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். தொலைபேசியை எடுத்து வரைபடத்தில் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். எந்த ரோட்டால் போவது, வழியில் எங்கே தங்குவது என்று கேட்கத் தொடங்கினார்.